தோற்ற அணியின் கோடைகாலம்

விளையாட்டு என்றதும் ஆடுகளமே நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் ஓர் அணியின் வெற்றியும் தோல்வியும் ஆடுகளத்தில் மட்டும் நிருணயிக்கப்படுவனவல்ல. விளக்குகள் அணைக்கப்பட்டு, வாயிற் கதவுகள் பூட்டப்பட்டு, பார்வையாளர் வீடு சென்ற பின்னர், மேசையொன்றைச் சுற்றிச் சிலர் அமர்ந்து ஆளெண்ணிக் கணக்குப் பார்க்கும் மாதங்கள் உள. வென்ற அணிக்கு அவை ஓய்வு மாதங்கள். தோற்ற அணிக்கோ அவையே போராட்ட மாதங்கள். யாரை வைத்திருப்பது, யாரை விடுவது, யாரைத் தேடிக் கொணர்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் அப்பொழுதே விடை காணவேண்டும். அவ்விடை பிழைத்தால் ஓராண்டு மாத்திரமன்றிப் பல ஆண்டுகளும் பாழாதல் கூடும்.

இதனை விளக்குதற்கு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துக் கூடைப்பந்தாட்ட அணியாகிய செல்ரிக்ஸ் அணியின் வரலாற்றிலிருந்து இரண்டு கோடைகாலங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று 2007ஆம் ஆண்டினது; மற்றையது 2013ஆம் ஆண்டினது. இரண்டிலும் அவ்வணியின் சார்பில் முடிவெடுத்தவர் ஒருவரே. அவர் பெயர் டானி ஏஞ்ச். முதன்முறை அவர் வாங்கும் பக்கத்தில் நின்றார். இரண்டாம் முறை விற்கும் பக்கத்தில் நின்றார். இரண்டு முறையும் நன்மை அவர் பக்கமே சேர்ந்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

முதற்கண் அவ்விளையாட்டின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. வழக்கமாக ஒக்ரோபர் தொடக்கம் ஏப்பிரில் வரை ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் முன்னணியில் நிற்போர் முடிவுச் சுற்றுக்களுக்குச் செல்வர்; ஏனையோர் வீடு செல்வர். களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐவர் மாத்திரமே ஆடுவர். பதினொருவர் ஆடும் உதைபந்தாட்டத்தில் ஒரு சிறந்த வீரனின் ஆற்றல் பத்துப் பேரிடையே கரைந்துவிடலாம். ஐவர் ஆடும் இவ்வாட்டத்திலோ ஒருவனே அணியின் தலைவிதியை மாற்றிவிடக் கூடும். ஆதலால், பெருவீரன் ஒருவனை அடைவதற்கு அணிகள் எதனையும் கொடுக்க முன்வருகின்றன.

அடையும் வழிகள் மூன்று. முதலாவது, ஆண்டுதோறும் யூன் மாதத்தில் நிகழும் புதுமுகத் தெரிவு. கல்லூரிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் இளைஞரை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். வலியோர் மேலும் வலியோராகாதிருத்தற் பொருட்டு, தோற்றவர்களுக்கே முன்னுரிமை வழங்கப்படும். ஆயினும் முதலிடம் பெறுதற்காக எவரும் வேண்டுமென்றே தோற்றுவிடலாகாது என்பதற்காக, முதற் சில இடங்கள் சீட்டிழுப்பினால் தீர்மானிக்கப்படும். இரண்டாவது வழி, ஒப்பந்தம் முடிந்து கட்டற்று நிற்கும் வீரரைப் பணங்கொடுத்து அமர்த்தல். மூன்றாவது, அணிக்கு அணி செய்துகொள்ளும் வீரர் பரிமாற்றம்.

இவ்வழிகளுக்கெல்லாம் கடிவாளமாக அமைந்தது சம்பள வரம்பு. 2007-08 பருவத்துக்கு அவ்வரம்பு ஏறத்தாழ 5 கோடி 56 இலட்சம் டொலர். வரம்பைத் தாண்டிய அணி, வெளியிலிருந்து பெருஞ்சம்பள வீரனை நேரே அமர்த்த இயலாது. ஆனால் ஏறத்தாழச் சமமான சம்பளமுள்ள வீரரைக் கொடுத்து அவனை மாற்றாகப் பெறலாம். இதனால் ஒரு விந்தை விளைகின்றது. காயமுற்று ஆடமுடியாதிருக்கும் ஒருவனுடைய பெரிய ஒப்பந்தமும், அது முடிவடையும் ஆண்டினை அடைந்துவிட்டால், விலைமதிப்புள்ள பொருளாகிவிடும். பெறுகின்ற அணிக்கு ஓராண்டின் பின்னர் அச்சுமை தானே இறங்கிவிடுமன்றோ?

இனி 2007ஆம் ஆண்டின் நிலையைக் காண்போம். அதுவரை 16 முறை சம்பியன் பட்டம் பெற்றிருந்த பொஸ்ரன் அணி, அப்பருவத்தில் 82 ஆட்டங்களுள் 24இல் மாத்திரமே வென்றது. சனவரியிலும் பெப்ரவரியிலும் தொடர்ச்சியாக 18 ஆட்டங்களில் தோற்றது. அவ்வணியின் வரலாற்றில் அதற்குமுன் அத்தகைய இழிவு நேர்ந்ததில்லை. அணியின் பழம்பெருமைக்கெல்லாம் மூலவராயிருந்த றெட் அவுவர்பாக், அப்பருவம் தொடங்குதற்குச் சில நாள் முன்னர், 2006 ஒக்ரோபர் 28ஆம் நாள் காலமானார். அணியின் முதன்மை வீரராகிய போல் பியேர்ஸ் காற்காயத்தினால் 47 ஆட்டங்களில் மாத்திரமே ஆடினார். அவருக்கு வயது 29. அவரைச் சுற்றி இருந்தோர் பெரும்பாலும் இருபது வயதை அடுத்த இளைஞர். அவ்விளைஞர் முதிர்ச்சியடையும் வேளையில் பியேர்ஸ் தளர்ந்துவிடுவார். பியேர்ஸ் வலிமையோடிருக்கும் வேளையில் இளைஞர் கற்றுமுடியார். ஒரே அணிக்குள் இரண்டு கடிகாரங்கள் வெவ்வேறு நேரங்காட்டி ஓடிக்கொண்டிருந்தன. அவ்வணியின் நோய் இதுவே.

நோய்க்கு மருந்தாகப் பலரும் நம்பியிருந்தது புதுமுகத் தெரிவினை. அவ்வாண்டு இருவர் பெரிதும் பேசப்பட்டனர்: ஏழடி உயரமுள்ள கிறெக் ஓடென் ஒருவர், கெவின் டுறாண்ட் மற்றொருவர். சங்கத்தில் இரண்டாவது மிகத் தாழ்ந்த நிலையில் நின்ற பொஸ்ரனுக்கு இவருள் ஒருவர் கிடைப்பர் என்ற நம்பிக்கை வலுத்திருந்தது. மே 22ஆம் நாள் சீட்டிழுப்பு நிகழ்ந்தது. பொஸ்ரனுக்குக் கிடைத்தது ஐந்தாமிடம். இரண்டாவது தாழ்ந்த அணி ஐந்தாமிடத்துக்குக் கீழே இறங்க விதி இடந்தராது. ஆகவே இறங்கக்கூடிய எல்லைவரை அது இறங்கிவிட்டது. போட்லாந்து முதலிடமும் சியாற்றில் இரண்டாமிடமும் பெற்றன.

அன்றைய தினம் பொஸ்ரன் அணியை நற்பேறற்ற அணி எனச் சொல்லாதார் இல்லை. ஆனால் காலம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. போட்லாந்து தெரிந்தெடுத்த ஓடென், முழங்கால் அறுவைச் சிகிச்சையினால் முதற் பருவம் முழுவதையும் இழந்தார். அவ்வணிக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்து 82. அதாவது ஒரே பருவத்தின் அளவு. மற்றையவராகிய டுறாண்டோ உலகப் புகழ் பெற்ற வீரரானார். சீட்டில் வருவது எதுவென எவரும் அறியார். சீட்டை நம்பித் திட்டமிடுதல், மழையை நம்பிக் குளத்தைத் திருத்தாதிருத்தலை ஒக்கும்.

ஏஞ்ச் முன் இரண்டு வழிகள் இருந்தன. பியேர்ஸை விற்று, இளைஞரை வளர்த்து, இன்னும் நான்கைந்தாண்டு பொறுத்திருத்தல் ஒன்று. இளைஞரைக் கொடுத்து, பியேர்ஸின் வயதினரான பெருவீரரைக் கொணர்தல் மற்றொன்று. நடுவழியில் நிற்பது இயலாது என்பதை அவர் உணர்ந்தார். இரண்டு கடிகாரங்களுள் ஒன்றை நிறுத்தியே ஆகவேண்டும். அவர் இளைஞரின் கடிகாரத்தை நிறுத்தினார்.

யூன் 28ஆம் நாள், புதுமுகத் தெரிவு நிகழ்ந்த இரவிலேயே, ஐந்தாமிடத்தில் தெரிந்தெடுத்த ஜெவ் கிறீன் என்னும் இளைஞரையும், வலி சேர்பியாக், டெலொன்ரே வெஸ்ற் என்னும் இருவரையும் சியாற்றிலுக்குக் கொடுத்து, றே அலனை அவர் பெற்றுக்கொண்டார். தூரத்திலிருந்து பந்தெறிவதில் நிகரற்றவர் அலன். முந்திய பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரி 26.4 புள்ளிகள் பெற்றவர். ஆனால் வயது 31. இரு கணுக்கால்களிலும் அண்மையிலேதான் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டிருந்தது. சியாற்றில் அவரை விட்டது மதியீனத்தினாலன்று. அவர்கள் கையில் 18 வயது டுறாண்ட் வந்துவிட்டார். அவர்களுடைய கடிகாரம் அவ்விரவே திரும்பிவிட்டது. ஒருவருக்குக் காலங்கடந்த பொருள் மற்றொருவருக்கு உரிய காலத்துப் பொருளாயிற்று. இருவர்க்கும் நியாயமாய் அமையும் பரிமாற்றம் இவ்வாறே பிறக்கின்றது.

எனினும் அலன் ஒருவரால் அணி உயர்ந்துவிடாது. மினசோட்டா அணியில் கெவின் கார்னெற் என்னும் பெருவீரர் 12 பருவங்களாக ஆடிவந்தார். 2004ஆம் ஆண்டில் சங்கத்தின் மிகச் சிறந்த வீரர் என்னும் விருதினைப் பெற்றவர். ஆனால் அதனையடுத்த மூன்று ஆண்டுகளிலும் அவருடைய அணி முடிவுச் சுற்றுக்களையே எட்டவில்லை. அவரைப் பெறுதற்கு ஏஞ்ச் யூன் மாதத்திலேயே முயன்றார். பொஸ்ரனுக்குச் செல்லத் தாம் நாட்டங்கொள்ளவில்லை என்பதை கார்னெற் தம் பிரதிநிதி மூலம் பகிரங்கமாகவே தெரிவித்துவிட்டார். அவருடைய ஒப்பந்தப்படி ஓராண்டின் பின் விலகிச் செல்லும் உரிமை அவருக்கிருந்தது. மனமின்றி வருபவருக்காக அணியின் செல்வத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, ஓராண்டில் வெறுங்கையுடன் நிற்பது எங்ஙனம்? ஆகவே முயற்சி நின்றது.

அலன் வந்த பின்னரே நிலைமை மாறிற்று. பியேர்ஸும் அலனும் சேர்ந்து நிற்கும் அணி, முன்னர் கார்னெற் மறுத்த அணியன்று. அவர் இசைந்தார், ஒப்பந்தத்தை மேலும் மூன்றாண்டுக்கு நீட்டவும் உடன்பட்டார். முதற்செயல் இரண்டாவது செயலுக்கு வழிதிறந்தது. செய்வன யாவையும் அறிந்திருந்தாலும், எதனை முதலிற் செய்வது என்பதை அறியாதவன் காரியம் முடிவதில்லை.

யூலை 31ஆம் நாள் பரிமாற்றம் நிறைவேறிற்று. ஒரு மனிதருக்காகக் கொடுக்கப்பட்டோர் ஐவர்: அல் ஜெபர்சன், றையன் கோம்ஸ், ஜெறல்ட் கிறீன், செபஸ்தியன் தெல்பயர், தியோ றற்லிவ். அவர்களோடு புதுமுகத் தெரிவின் முதற்சுற்று உரிமைகள் இரண்டும் பணமும் கொடுக்கப்பட்டன. இவருள் றற்லிவ் முந்திய பருவத்தில் இரண்டே ஆட்டங்கள் ஆடியவர். ஆயினும் கார்னெற்றின் பெருஞ்சம்பளத்துக்கு ஈடுவைக்க அவருடைய ஒப்பந்தமே பெரிதும் உதவிற்று.

ஜெபர்சனின் நிலையே எண்ணத்தக்கது. உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே அணிக்கு வந்தவர். வயது 22. அத்தாழ்ந்த பருவத்திலும் ஆட்டமொன்றுக்கு 16 புள்ளிகளும், தவறிய பந்துகளை மீட்பதில் சராசரி 11உம் பெற்றுப் படிப்படியாய் முன்னேறியவர். தோல்விமேல் தோல்வி கண்ட அந்த மாரிகாலத்தில் பார்வையாளர் நம்பிக்கையோடு நோக்கிய முகம் அவருடையதே. அவர் தவறேதும் செய்யவில்லை. நன்றாக வளர்ந்தமையினாலேயே அவருக்கு விலை ஏறிற்று. விலை ஏறியமையினாலேயே அவர் அனுப்பப்பட்டார். இத்தொழிலின் கடுமை இதிலே அடங்கியிருக்கின்றது. ஏட்டில் எழுதப்படும் பெயர்கள் சதுரங்கக் காய்களல்ல. ஒவ்வொரு பெயரின் பின்னும் ஒரு வீடும் ஒரு நம்பிக்கையும் இருக்கின்றன.

இனி, கொடாது வைத்துக்கொண்டவர்களையும் நோக்கவேண்டும். பந்தைக் கொண்டு நடத்தும் றஜோன் றொண்டோ, கூடையின் கீழ் காவல் நிற்கும் கென்றிக் பேர்க்கின்ஸ் ஆகிய இளைஞர் இருவரையும் ஏஞ்ச் விடவில்லை. பின்னர் ஓகஸ்ற் மாதத்தில், எதிரணியின் சிறந்த வீரனைத் தடுக்க ஜேம்ஸ் போசியையும், இடைநேரத்தில் வந்து புள்ளி பெற எடி ஹவுஸையும் சிறுதொகைக்கு அமர்த்தினார். பெருந்தூண்கள் மூன்றை நிறுத்தியவுடன் வீடு எழுந்துவிடாது. வளையும் கைமரமும் வேண்டும் என்பதை அவர் மறந்தாரல்லர்.

பிறகு பயிற்றுநர் டொக் றிவேர்ஸின் கடமை தொடங்கிற்று. மூவரும் தத்தம் அணியில் முதல்வராயிருந்தவர். ஓர் உறையில் மூன்று வாள் எவ்வாறு இருக்கும்? ஒருவனுடைய வாழ்வு ஏனையோரின் வாழ்வினாலேயே நிறைவுறுகின்றது என்னும் கருத்துடைய ‘உபுந்து’ என்ற ஆபிரிக்கச் சொல்லை அவர் அணியின் தாரகமந்திரமாக்கினார். சொல் வெறுஞ்சொல்லாய் நின்றுவிடவில்லை என்பதற்குக் கணக்கே சான்று. பியேர்ஸின் சராசரி 25 புள்ளிகளிலிருந்து 19.6 ஆயிற்று, கார்னெற்றினது 22.4இலிருந்து 18.8 ஆயிற்று, அலனுடையது 26.4இலிருந்து 17.4 ஆயிற்று. மூவரும் குறைந்தனர், அணி நிறைந்தது. 24 வெற்றிகள் 66 ஆயின. ஒரே ஆண்டில் 42 வெற்றிகள் கூடியது சங்கத்தின் வரலாற்றில் அதுவரை காணாதது. 2008 யூன் 17ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியை 131-92 என வென்று, 22 ஆண்டுகளின் பின்னர் பொஸ்ரன் சம்பியன் பட்டம் பெற்றது.

இக்கதையைக் கேட்ட ஒருவர், ‘இளைஞரைக் கொடு, பெருவீரரை வாங்கு, பட்டம் உனதே’ என்று விதிவகுத்துக்கொள்ளக் கூடும். அவ்வாறு எண்ணிய அணிக்கு நேர்ந்த கதியே இரண்டாவது கோடைகாலத்தின் கதை.

பொஸ்ரனின் வெற்றிக்கும் எல்லை இருந்தது. 2009இல் கார்னெற் முழங்கால் நோயினால் முடிவுச் சுற்றுக்களை இழந்தார். 2010இல் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் அணி தோற்றது. அலன் 2012இல் வேறிடஞ் சென்றார். 2013 கோடையில் பியேர்ஸுக்கு வயது 35, கார்னெற்றுக்கு 37. கடிகாரம் நின்றுவிட்டதென ஏஞ்ச் கண்டார். அவ்வேளை, நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதிக்குப் புதிதாய் வந்து சேர்ந்திருந்த நெற்ஸ் அணி, விரைந்து புகழ்பெறும் ஆர்வத்தோடு நின்றது. முந்திய பருவத்தில் அது 49 ஆட்டங்கள் வென்ற அணிதான். பியேர்ஸையும் கார்னெற்றையும், உடன் ஜேசன் தெரியையும் பெற்றுக்கொண்டு, 2014, 2016, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதற்சுற்று உரிமைகளையும், 2017இல் இடம்மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பொஸ்ரனுக்கு எழுதிக்கொடுத்தது.

விளைந்தது யாது? புறூக்ளின் 2014இல் முடிவுச் சுற்றில் ஒரு தொடரை வென்றது. அடுத்த தொடரில் வெளியேறிற்று. அக்கோடையிலேயே பியேர்ஸ் விலகினார். 2015 பெப்ரவரியில் கார்னெற் தம் பழைய மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் அணி சரிந்தது: 2015-16இல் 21 வெற்றிகள், 2016-17இல் 20 வெற்றிகள், சங்கத்திலேயே மிகக் குறைவு. தோற்றவருக்குச் சங்கம் அளிக்கும் ஒரே ஆறுதல் புதுமுகத் தெரிவில் முன்னிடம். அவ்வாறுதலும் அவர்களுக்கில்லை. அவர்கள் வயலில் தோல்வி விளைந்தது. அறுவடை பொஸ்ரனின் களஞ்சியத்துக்குச் சென்றது. 2016இல் அவ்வுரிமையினால் பொஸ்ரன் மூன்றாமிடத்தில் ஜேலன் பிறவுணைத் தெரிந்தெடுத்தது. 2017இல் இடம்மாற்றுரிமையினால் முதலிடத்தையே பெற்று, அதனைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து மூன்றாமிடத்துடன் வேறோர் எதிர்கால உரிமையையும் வாங்கி, ஜேசன் தேற்றத்தை எடுத்தது. இவ்விருவரையும் தூண்களாகக் கொண்ட அணியே 2024இல் பொஸ்ரனின் 18ஆவது பட்டத்தை வென்றது.

இரண்டு பரிமாற்றங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். வேறுபாடு எங்கே? 2007இல் வந்தவர்களுக்கு வயது 31. 2013இல் சென்றவர்களுக்கு 35உம் 37உம். முன்னதில் மூவரின் வலிமையும் ஒரே காலத்தில் ஒன்றுகூடிற்று. பின்னதில் வலிமை கழிந்த பெயரும் புகழுமே கைமாறின. முன்னதில் பொஸ்ரன் தன் இளைஞரைக் கொடுத்தபோதும் றொண்டோவையும் பேர்க்கின்ஸையும் வைத்துக்கொண்டது. பின்னதில் புறூக்ளின் தான் வீழ்ந்தால் எழுதற்குரிய ஊன்றுகோலையும் கொடுத்துவிட்டது. வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தை முன்வைத்து, காலமறிதலை அதனையடுத்து வைத்தமை நினைக்கத்தக்கது. தன் வலியை அறிந்தாலும் காலத்தை அறியாதவன் செய்யும் வினை, முற்றுப்பெறுவதில்லை.

வேறொரு பாதையையும் ஒரு சொல்லாற் குறிப்பிட்டு விடலாம். 2013 முதல் பிலடெல்பியா அணி, சிறந்த புதுமுகங்களைப் பெறும் நோக்கோடு, ஆற்றல் மிக்கோரை விடுத்துத் தோல்வியைத் தாங்கிக்கொள்ளத் துணிந்தது. மூன்று பருவங்களில் அதன் வெற்றிகள் 19, 18, 10. இளைஞர் சிலர் கிடைத்தனர்; ஆயினும் கூட்டத்தார் மூன்றாண்டு காசுகொடுத்துத் தோல்வியையே கண்டனர். பின்னர் சங்கம் சீட்டிழுப்பு விதியையே திருத்திற்று. முன்னர் மிகத் தாழ்ந்த அணிக்கு முதலிட வாய்ப்பு நூற்றுக்கு 25 ஆக இருந்தது. 2019 சீட்டிழுப்பிலிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாய் நூற்றுக்கு 14 என்றாயிற்று. தோல்வியைத் திட்டமாக்குவோர்க்கு அளித்த சலுகை குறைந்தது.

ஆகவே, தோற்ற அணியொன்றின் மேசையில் முதலில் விரிக்கப்படவேண்டியது வாங்கத்தக்கோர் பட்டியலன்று. தன் வீரரின் வயதுப் பட்டியல். அடுத்து, எழுதிக்கொடுத்த உரிமைகளின் பட்டியல். அதன்பின்னரே பணப்பை. தான் எந்த நேரத்தில் நிற்கின்றது என்பதை அறிந்த அணி, காத்திருந்தாலும் வெல்லும், பாய்ந்தாலும் வெல்லும். அறியாத அணி, பெரும் பொருள் கொடுத்துப் பழம்புகழை வாங்கிவரும்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தெண்ணல் வேண்டும். ஜெபர்சனைப் பெற்ற மினசோட்டாவுக்கோ, அங்கு அனுப்பப்பட்ட ஜெபர்சனுக்கோ அப்பரிமாற்றம் பட்டம் எதனையும் தரவில்லை. அவ்வணி 2018 வரை முடிவுச் சுற்றுக்களை எட்டவேயில்லை. பொஸ்ரன் நகரத்தின் மகிழ்ச்சிக்கு விலையாய்ச் சென்ற அந்த 22 வயது இளைஞர், பதினான்கு பருவங்கள் சங்கத்தில் ஆடி, சம்பியன் பட்டம் பெறாமலே ஓய்வுபெற்றார். வெற்றிக் கொடி ஏற்றப்படும் நாளில் அக்கொடியின் கீழ் நில்லாத ஒருவரும் அதற்கு உரியவரே என்பதை, மேசையிலிருந்து கணக்கிடுவோர் மறத்தலாகாது. அதனை மறவாதவரே கணக்கை நேராகவும் இடுவர்.